டாட்மோர்டன்: ஒரு சேப்பலும் பத்து மணி நேரச் சட்டமும்

மான்செஸ்டர் விக்டோரியா நிலையத்தில் ரயில் ஏறினால் ஏறத்தாழ அரை மணி நேரப் பயணத்தில், வட இங்கிலாந்தின் பழைய பஞ்சாலை ஊரான டாட்மோர்டன் வந்துவிடுகிறது. வழியில் 1841-ல் திறக்கப்பட்ட சம்மிட் சுரங்கப்பாதை. இரண்டரை கிலோமீட்டருக்கு மேல் நீளம். அதைக் கடந்ததும் இரண்டு பக்கமும் மலை எழும்புகிறது. நடுவிலுள்ள ஒடுக்கமான பள்ளத்தாக்கில் ஆறு, ரோச்டேல் கால்வாய், சாலை, தண்டவாளம் நான்கும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஓடுகின்றன. ஊரை ஒட்டிய சரிவில், மரங்களுக்கு மேலே, அறுபது மீட்டரை நெருங்கும் கூர்ங்கோபுரம் ஒன்று தெரிகிறது.

பார்த்தவுடன் யாரும் அதை இங்கிலாந்தின் அரசுத் திருச்சபையான ஆங்கிலிக்கன் சபையின் ஆலயம் என்றே நினைப்பார்கள். ஆனால் அது அந்தத் திருச்சபைக்குக் கட்டுப்பட மறுத்தவர்களின் கோயில். அப்படி மறுத்தவர்களிலேயே பலரும் ஒதுக்கிவைத்த யூனிட்டேரியன் சபையாருடையது. அதைப் பார்க்கத்தான் போயிருந்தேன்.

1662-ல் வந்த ஒருமைப்பாட்டுச் சட்டம், அரசுத் திருச்சபையின் ஜெபப் புத்தகத்தை ஏற்காத போதகர்களை வெளியே தள்ளியது. 1689-ல் மற்றவர்களுக்கு ஓரளவு சகிப்பு கிடைத்தபோதும், தந்தை, மகன், தூய ஆவி மூவரும் ஒரே கடவுள் என்ற திரித்துவக் கொள்கையை மறுத்த யூனிட்டேரியன்களுக்கு அது கிடைக்கவில்லை. கடவுள் ஒருவரே, இயேசு மனிதரே என்று வெளிப்படையாகச் சொல்வது 1813 வரை சட்டப்படி குற்றம். (சென்னையில் வில்லியம் ராபர்ட்ஸ் என்ற தமிழர் 1795-லேயே இதே நம்பிக்கையுடன் ஒரு சபையைத் தொடங்கிவிட்டார் என்பதை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை.)

டாட்மோர்டனுக்கு இந்த நம்பிக்கை மெதடிஸ்ட் சபையின் உடைவிலிருந்து வந்தது. பக்கத்து ஊரான ரோச்டேலில் ஊழியம் செய்த ஜோசப் குக் என்ற போதகரை, கொள்கை தவறிவிட்டார் என்று 1806-ல் மெதடிஸ்டுகளின் தலைமை அமைப்பான வெஸ்லியன் மாநாடு நீக்கியது. அவர் 1811-ல் இறந்துவிட்டார். அவரைப் பின்பற்றியவர்கள் கலையவில்லை. நெசவாளர்களும் ஆலைக் கூலிகளும் கூடி, பைபிளைத் தாங்களே படித்து விவாதித்து, படிப்படியாக யூனிட்டேரியன் முடிவுக்கு வந்து சேர்ந்தார்கள். படித்த பெரிய மனிதர்களின் மதம் என்று பெயர் பெற்றிருந்த ஒன்றை உழைப்பாளிகள் சொந்த வழியில் கண்டடைந்தார்கள் என்பது என்னை மிகவும் கவர்ந்த செய்தி. ரோச்டேலில் 1844-ல் கூட்டுறவுக் கடை தொடங்கிய முன்னோடிகளிலும் இந்தச் சபையார் சிலர் இருந்தார்கள்.

டாட்மோர்டனில் அவர்கள் 1824-ல் காக்பிட் ஹில்லில் ஒரு சேப்பல், அதாவது அரசுத் திருச்சபையைச் சேராதவர்களின் வழிபாட்டிடம், கட்டினார்கள். கட்டிய கடனை அடைக்க முடியாமல் திணறியபோது, 1828-ல் அதை விலைக்கு வாங்கிக் காப்பாற்றியவர் ஊரின் பஞ்சாலை முதலாளி ஜான் ஃபீல்டன்.

ஃபீல்டன் குடும்பம், அரசுத் திருச்சபையைச் சேராத மற்றொரு கிறிஸ்தவப் பிரிவான குவேக்கர் மரபினர். தந்தை ஜோஷுவா 1782-ல் மலைமேல் இருந்த பண்ணையை விட்டுக் கீழே இறங்கி, லேன்சைடில் சில குடிசை வீடுகளில் பஞ்சு நூற்கத் தொடங்கினார். அது மகன்கள் காலத்தில் நாட்டின் மிகப் பெரிய பஞ்சாலை நிறுவனங்களில் ஒன்றாயிற்று. ஜான் பத்து வயதைத் தாண்டியதும் தந்தையின் ஆலையில் வேலைக்கு நிறுத்தப்பட்டவர். அந்த அலுப்பு தன் நினைவை விட்டு நீங்கவில்லை என்று பின்னாளில் எழுதினார்.

1836-ல் அவர் வெளியிட்ட நூலில் ஒரு சம்பவம் வருகிறது. மான்செஸ்டரில் நடந்த ஒரு கூட்டத்தில், ஆலைப் பிள்ளை ஒரு நாளில் இருபது மைலுக்கும் மேல் நடக்கிறது என்று ஒருவர் சொல்ல, ஃபீல்டனுக்கு நம்பிக்கை வரவில்லை. ஊர் திரும்பியதும் தன் சொந்த ஆலைக்குள் போய், கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, வேலை செய்யும் ஒரு சிறுமியைக் கவனித்தார். இயந்திரத்தின் போக்கில் நடந்து நடந்து அவள் வேலை செய்வதைச் சிறிது நேரம் பார்த்து, முழு நாளுக்கும் கணக்கிட்டார். இருபது மைலுக்குக் குறையவில்லை. நம் கணக்கில் 32 கிலோமீட்டர்! ஆலை முதலாளி ஒருவர் தனக்கு எதிராகத் தானே சாட்சி சேகரித்து அச்சிலும் ஏற்றிய இந்தப் பக்கத்துக்காகவே அவரை நான் மதிக்கிறேன்.

1832-ல் சீர்திருத்தப் பத்திரிகையாளர் வில்லியம் காபெட்டுடன் ஓல்டம் தொகுதியில் வென்று நாடாளுமன்றம் போனார். ஏழைகளைப் பணி இல்லங்களில் அடைக்கும் 1834-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தம் ஊருக்குள் நுழையவிடாமல் போராடினார். பெண்களுக்கும் இளவயதினருக்கும் நெசவாலை வேலையைப் பத்து மணி நேரமாகக் குறைத்த மசோதாவை நிறைவேற்றியதும் அவரே. அது 1847-ல் சட்டமானது. அதே ஆண்டுத் தேர்தலில் ஓல்டம் அவரைத் தோற்கடித்தது. 1849-ல் காலமானார்.

கோபுரம் அவர் பார்க்காதது. சாமுவேல், ஜான், ஜோஷுவா என்ற மூன்று மகன்களும் தங்கள் செலவில் எழுப்பிய ஆலயம் 1869-ல் திறக்கப்பட்டது. கட்டடக் கலைஞர் ஜான் கிப்சன்; ஊரின் நகர மன்றமும் டாப்ராய்ட் மாளிகையும்கூட அவர் வரைந்தவையே. கோதிக் வளைவுகள், பிரஸ்ஸல்ஸ் கலைஞர் காப்ரோனியேவின் வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள் என்று எதிலும் குறை வைக்கவில்லை. ஈரத்தில் வழுக்கும் சரிவில் மூச்சு வாங்க ஏறி நின்றபோது எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான்: ஒதுங்கி வாழ்ந்த சபைக்கு இத்தனை ஆடம்பரம் எதற்கு? ஆனால் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருக்கையில் மகன்களின் மனமும் புரிந்தது. வேறு வழிபாட்டிடங்களை ஊர் மூலையில் ஒடுக்கிவைத்த நாட்டில், யாருக்கும் நாங்கள் குறைந்தவர்கள் இல்லை என்று கல்லில் சொல்லியிருக்கிறார்கள்.

ஆலைகள் நலிந்தன, சபையும் சுருங்கியது. 1987-ல் வழிபாடு நின்றது. பாழடைந்த ஆலயத்தை 1994-ல் வரலாற்றுச் சேப்பல்களுக்கான அறக்கட்டளை ஒன்று ஏற்றுச் சீரமைத்தது.

போகிறவர்கள் கோபுரத்தை மட்டும் படமெடுத்துக்கொண்டு ரயிலேறிவிட வேண்டாம். காக்பிட் ஹில்லின் பழைய சேப்பலையும் தேடிப் போங்கள். ஃபீல்டன் அடக்கம் செய்யப்பட்டிருப்பது அந்த வளாகத்தில்தான். சிற்பி ஃபோலி வார்த்த அவருடைய வெண்கலச் சிலை சென்டர் வேல் பூங்காவில் நிற்கிறது. மூன்றையும் ஒரே பகலில் நடந்தே பார்த்துவிடலாம்.