சேர்வராயன் மலைல சாமியா இருக்கற கல்கோடாலிங்க

சேலத்துக்காரங்களுக்கு ஏற்காடுன்னா ஞாயித்துக்கிழமை ஊர். கோரிமேடு தாண்டி அடிவாரத்துல ஒரு டீ, அப்புறம் 20 கொண்டை ஊசி வளைவு, மேல போயி ஏரில போட்டிங், லேடீஸ் சீட், சுடச்சுட பஜ்ஜி, இருட்டறதுக்குள்ள எறங்கிடுவோம். சின்ன வயசுல இருந்து நானும் இப்படித்தான் போயிட்டு வந்துட்டிருந்தேன். இந்தச் சேர்வராயன் மலைல புதுக்கற்கால (கல்லத் தேய்ச்சுத் தீட்டி கருவி செஞ்ச காலம்) ஆளுங்க வாழ்ந்திருக்காங்க, அவங்க செஞ்ச கோடாலிங்க இன்னும் இங்கயே கெடக்குதுன்னு படிச்சதுக்கப்புறம் ஏரிப்பக்கம் போறதே கொறஞ்சு போச்சு, வண்டி தானா காபித்தோட்டத்து ரோட்டுல திரும்பிடுது.

இந்தத் தடவை மாமா பையனும் கூட வந்தான். மெயின் ரோட்ட விட்டு எறங்கி, சில்வர் ஓக் மரத்துல மிளகுக்கொடி ஏறி நிக்கற தோட்டங்கள் நடுவுல போனா மலையாளி மக்களோட சின்னச் சின்ன ஊருங்க வரும் (கேரளாக்காரங்க இல்லைங்க, மலைய ஆள்றவங்கன்னு அவங்களே பேருக்கு அர்த்தம் சொல்வாங்க, தலைமுறை தலைமுறையா இந்த மலைல இருக்கறவங்க). ஊர் பேர வேணும்னு தான் எழுதல, காரணம் கீழ சொல்றேன். ஊருக்கு வெளிய ஒரு பெரிய மரம், அதுக்கடில கல்லுமேடை, மேடைல மஞ்சக்குங்குமம் பூசுன பிள்ளையார், அவர சுத்தி உள்ளங்கை அளவுலயும் அதுக்கு மேலயும் கருப்பா வழவழன்னு கல்லுங்க, எண்ணெய் ஊறி மின்னுது. ஒரு பக்கம் கூர்மையா கூம்பி, இன்னொரு பக்கம் அகலமா, அந்த அகலமான பக்கத்துல வாய் தீட்டியிருக்கு. பார்த்த ஒடனே தெரிஞ்சுடுச்சு, கோடாலி.

அங்க மாடு மேச்சுட்டிருந்த ஒரு பெரியவர் பக்கத்துல வந்தாரு. "என்னங்க தம்பி பாக்கறீங்க?"

"இந்தக் கல்லுங்க எங்கிருந்து வந்துச்சுங்க ஐயா?"

"காடு ஓட்டறப்ப கெடைக்குமுங்க. எங்க தாத்தன் காலத்துலயே அப்படித்தான். கெடைச்சா வூட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, சாமிகிட்ட வெச்சுரோணும். செருப்ப அங்கயே வுட்டுட்டு வந்து கும்புட்டுக்குங்க."

கும்புட்டோம். கல்லத் தொடல, போட்டோ எடுக்கவும் கேக்கல. மாமா பையன் வழக்கமா வாய் மூடாத ஆளு, அவன் கூட ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல.

அந்தக் கல்லு ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி எவ்வளவு வேலை இருக்குன்னு யோசிச்சுப் பாருங்க. முதல்ல சரியான கல்லு தேடணும், விரிசல் இல்லாம, அடிச்சா சில்லு சில்லா ஒழுங்கா பேர்ற கருங்கல்லு. அத இன்னொரு கல்லால அடிச்சு ஒரு உருவத்துக்குக் கொண்டு வரணும், அப்புறம் மேடு பள்ளத்த எல்லாம் பொறுமையா கொத்திக் கொத்தி எடுக்கணும், அதுக்கப்புறம் தண்ணியும் மணலும் போட்டு பாறை மேல நாள் கணக்கா தேய்க்கணும், வாய்ப்பக்கத்த மட்டும் இன்னும் கொஞ்சம். கடைசியா மரப்பிடி போட்டு இறுக்கிக் கட்டணும். மரம் வெட்ட, காட்ட திருத்த, கொத்தி விதைக்கன்னு அந்த ஆளுங்க வாழ்க்கையே இந்தக் கல்லு மேல தான் நின்னிருக்கு. எனக்கு இதுல புடிச்சதே இதுதான். தஞ்சாவூர் கோயில்ல போயி நின்னா கல்வெட்டு ராஜா பேர சொல்லும், யாரு தானம் குடுத்தாங்கன்னு சொல்லும். இங்க யார் பேரும் கெடையாது, ஆனா ஒருத்தரோட கைவேலை அப்படியே முன்னாடி இருக்கு, தேய்ச்சது எந்தப் பக்கம், விட்டது எந்தப் பக்கம்னு கண்ணுக்குத் தெரியுது. மண்வெட்டி புடிச்ச யாருக்கும் அத விளக்கிச் சொல்ல வேண்டியதில்ல. இந்த மாதிரி எடங்களுக்கு ஜனங்க திரும்பத் திரும்பப் போறது இதுக்காகத் தான்னு நெனைக்கறேன், அவ்வளவு காலம் தாண்டியும் நடுவுல ஆள் வெச்சு புரிஞ்சுக்க வேண்டியதில்லாத ஒரு நெருக்கம் இருக்கு.

திரும்பி வர்றப்ப ஹோலி டிரினிட்டி சர்ச்சுக்குப் போனோம். அங்க ராபர்ட் புரூஸ் ஃபூட்டோட நினைவுச்சின்னம் இருக்கு. 1863 மே 30-ந் தேதி சென்னைப் பக்கம் பல்லாவரத்துல பழைய கற்காலக் கருவி ஒண்ண கண்டெடுத்து, இந்தியாவுல கற்கால மனுஷன் இருந்தான்னு நிரூபிச்சாரே, அந்த ஜியாலஜிஸ்ட். அப்ப அவருக்கு வயசு 28. வேலைல இருந்து ஓய்வு பெற்றதுக்கப்புறம் இந்த ஏற்காட்டுல தான் வந்து தங்குனாரு, 1912 டிசம்பர்ல கல்கத்தாவுல காலமானாரு. அவர் சேர்த்த கருவிங்கள 1904-ல மெட்ராஸ் மியூசியம் வாங்குச்சு, இந்த மலைல கெடைச்ச கோடாலிங்களும் அதுல உண்டு. அவரோட மாமனார் பீட்டர் பெர்சிவல், நம்ம பழமொழிங்கள தொகுத்தவரு, அவரும் ஏற்காட்டுல தான் 1882-ல காலமானாரு. இந்தியாவோட கற்காலத்த தேடி எடுத்த மனுஷன் நம்ம ஊரு மலைல வாழ்ந்திருக்காரு, ஆனா நாங்க போனப்ப சர்ச் வாசல்ல எங்களத் தவிர யாருமில்ல. ஸ்கூல் டூர் வர்ற பசங்கள ஒரு பத்து நிமிஷமாவது இங்க நிறுத்தி இந்தக் கதைய சொல்லணும். மனசு தாங்காம எழுதறேன்.

நேரம் இருந்ததால சேர்வராயன் கோயிலுக்கும் போனோம். 5,300 அடிக்கு மேல, மொட்டையா பரந்த மேடு, காத்து ஆள தள்ளுது. குகைக்குள்ள குனிஞ்சு தான் போகணும், உள்ள சேர்வராயனும் காவேரியம்மனும். மே மாசத் திருவிழாவுக்கு மலை ஊருங்க அத்தனையும் இங்க கூடிடும்.

கல்லோட கதை மலையோட முடியல. எறங்கி மேட்டூர் பக்கம் போனா மாங்காடு, தெலுங்கனூர்னு ஊருங்க, அங்க பழங்காலத்து ஈமக்காட்டுல (செத்தவங்கள பொதைச்ச எடம்) கெடைச்ச இரும்ப சோதிச்சப்ப மாங்காட்டு இரும்பு கி.மு. 1600-க்கும் 1400-க்கும் நடுவுலன்னு வந்துச்சு. கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறைல அது கி.மு. 2172-க்கே போகுதுன்னு 2022-ல அறிவிச்சாங்க. கஞ்சமலைல இரும்புத்தாது இருக்கறது சேலத்துல எல்லாருக்கும் தெரியும். ஒரே நாள்ல வண்டி ஓட்டிப் பாத்துடற தூரத்துல, கல்லுல கோடாலி தீட்டுன காலமும் இரும்ப உருக்குன காலமும் ரெண்டும் இருக்கு. இதுக்கு மேல நம்ம மாவட்டத்துக்கு என்ன பெருமை வேணும்?

இப்ப ஊர் பேர் ஏன் சொல்லலன்னு. அந்த மேடைக்கு வேலி இல்ல, காவல் இல்ல, ஊர்க்காரங்க பக்தி தான் காவல். அதான் இத்தனை காலமா ஒரு கல்லும் தொலையாம இருக்கு. இன்ஸ்டால ரீல்ஸ் போட்டு நாலு பேரு பைல போட்டுட்டு வந்துட்டா முடிஞ்சுது, எடுத்த எடம் தெரியாத கோடாலி ஆராய்ச்சிக்கும் ஆகாது, சாமிக்கும் ஆகாது. போறவங்க ஊர்க்காரங்ககிட்ட கேட்டுட்டு, செருப்ப கழட்டிட்டு, பாத்துட்டு வாங்க. தோட்டத்துலயோ ஓடைக்கரைலயோ புதுசா ஏதாச்சும் கண்ணுல பட்டா அந்த எடத்துலயே விட்டுட்டு தாசில்தார் ஆபீஸ்லயோ மியூசியத்துலயோ தகவல் சொல்லுங்க. கோடாலிய கையெட்டற தூரத்துல பாக்கணும்னு ஆசை இருந்தா எழும்பூர் மியூசியத்துல ஃபூட் சேர்த்தது இருக்கு. மழைக்கு அப்புறம் மண்ரோடு வழுக்கும், அதனால ஜனவரிக்கு மேல போறது நல்லது. காலைல சீக்கிரமே கெளம்பிடுங்க.