செம்பருத்தியும் ஒரு களவாணிப் பயலும்

கிரகப்பிரவேசத்துக்கு எங்களுக்கு வந்தவை ஏழு சுவர்க் கடிகாரங்கள், ஒரே ஒரு ஓவியம். கடிகாரங்கள் பரணுக்குப் போயின (அடுத்த ஏழு கல்யாணங்களுக்கு மொய்க் கவலை இல்லை). ஓவியம் ஹாலுக்கு வந்தது.

பெரிய செம்பருத்திப் பூ. அதன் பின்பக்கக் காம்பில் தொற்றிக்கொண்டு ஓர் ஆண் ஊதாத் தேன்சிட்டு. கீழ்க்கிளையில் மஞ்சள் வயிற்றுப் பெண் சிட்டு, வேறு பக்கம் பார்த்தபடி. போட்டோவோ என்று தொட்டுப் பார்க்க வைக்கிற வேலை.

மாடி வீட்டுக்காரர், "காக்காக் குஞ்சா சார்?" என்றார். வெயில் பட்டால்தான் அது ஊதா, நிழலில் கறுப்பாகத்தான் தெரியும் என்றேன். கூட வந்தவர் ஹம்மிங் பேர்டு என்றார். அது அமெரிக்கக் கண்டங்களைத் தாண்டாது, இவன் நம் கொல்லைப்புறத்து ஆள் என்றேன். அந்தத் தெம்பில் வியாக்கியானமும் தொடங்கிவிட்டது.

"பூவின் முகம் பார்க்கக் கூச்சம், பின்னால் நின்று முத்தமிடுகிறான். அது பொறுக்காமல் துணைவி முகம் திருப்பிக்கொண்டாள். ஊடல். மருதத் திணை சார்!"

ஞாயிற்றுக்கிழமை தென்காசியிலிருந்து பெரியம்மா வந்தார். அதே வியாக்கியானத்தை அவரிடமும் அவிழ்த்துவிட்டேன்.

"கூச்சமாம்லா! ஏலே, இது களவாணிப் பயல். முன்னால போனா மகரந்தம் மேல ஒட்டும், அடுத்த பூவுக்குச் சுமக்கணும். அந்தச் சோலியே வேண்டாம்னு அடியில ஓட்டை போட்டுத் தேனை மட்டும் உறிஞ்சுதான். எங்க கொல்லையில தினம் நடக்கு."

"அப்போ அந்த ஊடல்?"

"அவ வாயைப் பாரு. ஒட்டடை. கூடு கட்டக் கொண்டு போறா. கட்டுறது, அடைகாக்கிறது எல்லாம் பொட்டைதான்."

கிட்டப் போய்ப் பார்த்தேன். அலகில் வெள்ளையாக நூல் போல ஒன்று. தூரிகை மயிர் ஒட்டியிருக்கிறது என்று நினைத்து அதை இரண்டு தடவை துடைத்திருக்கிறேன்.

மனைவி சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். என் கையில் அவள் சுட்ட அதிரசம். மூன்றாவது.

"ஆண் ஒண்ணுமே செய்யாதா அத்தை?"

"குஞ்சு பொரிச்சா இரை கொண்டாரும். அதுவரைக்கும் தின்னுட்டுத் திரியும்."

உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் ஒட்டடைக் கம்பு.

எந்த மூலையிலிருந்து தொடங்குவது என்று மட்டும் கேட்டேன்.