கேஸில் டக்ளஸ் சந்தையில் கொம்பில்லா மாடுகள்

ரயில் டம்ஃப்ரீஸ் வரைக்கும்தான். அங்கிருந்து மேற்கே போன பாதையை 1965-லேயே மூடிவிட்டார்கள். கிளாஸ்கோவில் விடிகாலை ரயிலைப் பிடித்து, டம்ஃப்ரீஸில் பஸ் மாறி, கேஸில் டக்ளஸில் இறங்கியபோது தூறிக்கொண்டிருந்தது. ஸ்காட்லாந்தின் தென்மேற்கு மூலையில் இருக்கிற சின்ன ஊர். பெரும்பாலானவர்கள் கார்லிங்வார்க் ஏரியையோ த்ரீவ் கோட்டையையோ பார்க்க வருவார்கள். நான் வந்தது மாட்டுச் சந்தைக்கு.

ஸ்காட்லாந்து மாடு என்றால் உலகத்துக்கே தெரிந்தது அபர்தீன் ஆங்கஸ். அமெரிக்கா முதல் அர்ஜென்டினா வரை பரவிய இனம். அதே கருப்பு, அதே கொம்பில்லாத தலையோடு இந்த மூலையில் இன்னொரு இனம் இருக்கிறது. பெயர் கேலோவே. இந்த வட்டாரத்தின் பெயரும் அதுதான். 1862-ல் வெளிவந்த முதல் வம்சாவளிப் பதிவேட்டில் இரண்டு இனங்களும் ஒரே புத்தகத்தில்தான் இருந்தன. 1877-ல் கேலோவேக்காரர்கள் தனிச் சங்கம் வைத்துப் பிரிந்தார்கள். அதற்கு முந்தைய தகவல்களைத் தேடினால் பெரிதாகக் கிடைக்காது. சேர்த்து வைத்திருந்த பழைய பதிவுகள் 1851-ல் எடின்பரோவில் நடந்த ஒரு தீவிபத்தில் போய்விட்டன.

மாட்டிறைச்சி சமைக்கிற வீட்டில் வளர்ந்தவன் நான். மணப்பாறைப் பக்கம். மாடு பார்ப்பதும் கறி பார்ப்பதும் எங்கள் வீட்டில் இரண்டு வேறு ஆட்களின் வேலை. தாத்தா மாட்டுச் சந்தைக்குப் போவார், அத்தை கறிக்கடைக்குப் போவார். ஒருவர் பேச்சு இன்னொருவருக்குப் புரியாது. கேலோவேயில் அந்த இரண்டும் ஒன்றுதான் என்று ஒரு வேலை நண்பர் சொன்னார். அவருடைய பெரியப்பா இந்த இனத்தை வளர்க்கிறார். அவர் வீட்டில் இரண்டு நாள் தங்கி, சந்தையையும் பார்த்துவிட்டு வர ஏற்பாடு.

பெரியவருக்கு எழுபதைத் தாண்டியிருக்கும். பண்ணை ஊரிலிருந்து வடமேற்கே, மலை ஏறத் தொடங்கும் இடத்தில். கருங்கல்லை அடுக்கி வெறும் கையால் கட்டிய வேலிச் சுவர்கள், அதற்கு அந்தப் பக்கம் சதுப்பு, கோரைப்புல், பழுப்பேறிய மூர் புல். உழுது விதைக்க வழியே இல்லாத நிலம். மழை நின்றபாடில்லை. அந்த மழையில் இருபது மாடுகள் தலை நிமிராமல் மேய்ந்துகொண்டிருந்தன. கொட்டில் எங்கே என்று கேட்டேன். குளிர்காலத்திலும் பெரும்பாலும் வெளியில்தான் என்றார்.

சாதுவான ஒரு கிடாரியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு, "விலாவில் கை வையுங்கள்" என்றார். மேலே நீளமான, அலை அலையான முரட்டு ரோமம். நுனியெல்லாம் மழைத்துளி. தொட்டதும் கை நனைந்துவிட்டது. "இப்போது விரலை உள்ளே விடுங்கள்." விரலால் வகிடு எடுப்பதுபோல் பிரித்தேன். உள்ளே பாசி மாதிரி நெருக்கமாக, பழுப்பு நிறத்தில் இன்னொரு ரோமம். விரல் பாதி மறைந்தது. அங்கே ஒரு சொட்டு ஈரமில்லை. கதகதப்பாக, கம்பளிக்குள் கை விட்டதுபோல் இருந்தது. ஒரு மணி நேரமாக மழையில் நின்ற மாடு அது.

இந்த இரட்டை ரோமத்தில்தான் எல்லாமே இருக்கிறது என்றார் பெரியவர். குளிரில் வெளியே நிற்கும் மாடு உடல் சூட்டைக் காக்க ஏதாவது ஒன்றைப் போர்த்தியாக வேண்டும். பல இனங்கள் தோலுக்கு அடியில் தடித்த கொழுப்பைப் போர்த்திக்கொள்ளும். கறிக்கடையில் அந்தக் கொழுப்பைச் சீவித்தான் எறிவார்கள். கேலோவே ரோமத்தைப் போர்த்திக்கொள்கிறது. அதனால் வெளிக்கொழுப்பு அளவோடு நிற்கிறது, தின்றது சதைக்கும் சதைக்குள் ஓடும் மெல்லிய கொழுப்புக்கும் போகிறது. வளர்ப்பவர்கள் எல்லாரும் சொல்லும் காரணம் இது. விரலை உள்ளே விட்டுப் பார்த்த பிறகு எனக்கும் அதில் சந்தேகம் வரவில்லை.

மறுநாள் காலை சந்தை. முதலில் போட்டி, அப்புறம் ஏலம். கழுவும் இடத்தில் ஒரே சோப்பு வாசனை. பிள்ளைகள் முதல் தாத்தாக்கள் வரை ஆளுக்கொரு சீப்பும் கையுமாக நிற்கிறார்கள். ரோமத்தைக் கீழிருந்து மேலாகச் சீவிவிட்டால் மாடு நல்ல பருமனாகத் தெரியும். மற்ற பல இனங்களில் முதுகுக் கோடு நேராகத் தெரிய மெஷின் வைத்து வெட்டிச் செதுக்குவார்கள். கேலோவேயில் ரோமமே இனத்தின் அடையாளம் என்பதால் கத்தரிக்கு வேலை குறைவு. கருப்பு அதிகம். மங்கிய பழுப்பும் சிவப்பும் சில. இடுப்பைச் சுற்றி வெள்ளை வேட்டி மடித்துக் கட்டியதுபோல் பட்டை போட்ட வகைதான் வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்தது, பெல்டட் கேலோவே. அதற்கென்று தனிச் சங்கம் 1921-ல் வந்தது. பட்டை உடலை முழுசாகச் சுற்றி வர வேண்டும், நடுவில் அறுபடக் கூடாது. காலில் வெள்ளை ஏறினால் குறை.

நடுவர் ஒரு அம்மா. கையில் தடி, டுவீட் கோட்டு. மாடுகளை வட்டமாக நடக்க விட்டு முதலில் கால்களைத்தான் பார்த்தார். பின்னங்கால் எப்படி விழுகிறது, முன்னங்கால் வைத்த இடத்தில் வருகிறதா, குளம்பு விரிந்திருக்கிறதா. சதுப்பிலும் பாறையிலும் நடந்து மேயாத மாடு இங்கே பிழைக்காது. அப்புறம் நிறுத்தி வைத்து ஒவ்வொன்றாகத் தொட்டார். முதலில் ரோமத்துக்குள் விரல், பெரியவர் எனக்குக் காட்டிய அதே இடத்தில். பிறகு இடுப்பெலும்பின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார். கடைசியாக வால் முளைக்கும் இடத்தில் கையை வைத்தார். கொழுப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கையால் பார்க்கும் இடங்கள் இவை. எலும்பு லேசாகத் தட்டுப்பட்டால் சரி, தேடினாலும் கிடைக்காவிட்டால் அதிகம்.

கறிக்கடைக்காரரும் இதைத்தான் பார்ப்பார் என்று அப்போதுதான் உறைத்தது. பரிசு வாங்க வேறு மாடு, கறிக்கு வேறு மாடு என்று இங்கே வளர்ப்பதில்லை. குட்டைக் கால், நீண்ட உடம்பு, ஆழமான விலா, உள்ளே அடர்ந்த ரோமம். பரிசு கிடைப்பதும் இதற்கு, கறி நன்றாக இருப்பதும் இதனால். கண்காட்சி மோகத்தில் உருவத்தை மட்டும் பெருக்கிக் கெட்டுப்போன இனங்கள் உண்டு. இந்த மலை அதற்கு இடம் கொடுக்கவில்லை. பெருத்த மாட்டுக்கு இந்தப் புல் போதாது. நன்றாக வளர்ந்த பசு 500, 600 கிலோவோடு நின்றுகொள்கிறது.

ஏலத்தில் விலையைப் பவுண்டில் சொல்லாமல் கினியில் சொல்கிறார்கள். ஒரு கினி என்றால் 1 பவுண்டு 5 பென்ஸ். அந்த நாணயம் புழக்கத்திலிருந்து போய் இருநூறு வருஷம் ஆகிறது, வம்சாவளி மாடு, பந்தயக் குதிரை விற்கும் இடங்களில் இன்னும் வாழ்கிறது. ஏலக்காரரின் வேகம் எனக்குப் பிடிபடவே இல்லை. யார் கை தூக்குகிறார்கள் என்றும் தெரியவில்லை. ஒருவர் தொப்பியைத் தொட்டார், மாடு விற்றுவிட்டது.

சாயங்காலம் பெரியவரோடு டீக்கடையில் உட்கார்ந்தபோதுதான் அவர் மனத்தாங்கலைச் சொன்னார். வெட்டுக்கூடத்தில் இங்கே உடலுக்குத் தரம் போடுவது ஐரோப்பிய முறையில். சதைத் திரட்சிக்கு ஈ, யு, ஆர், ஓ, பி என்று எழுத்து, வெளிக்கொழுப்புக்கு 1 முதல் 5 வரை எண். ஈ தான் உச்சம். 1960-களில் பிரான்சிலிருந்து ஷாரொலேயும் அடுத்த பத்தாண்டில் லிமூசினும் வந்து இறங்கின. புட்டம் உருண்டு திரண்ட அந்த மாடுகளுக்கு ஈயும் யுவும் விழும். கேலோவேக்கு ஆரோ ஓவோதான். சதைக்குள் ஓடும் கொழுப்புக்கும் சுவைக்கும் மென்மைக்கும் அந்த அட்டவணையில் கட்டமே கிடையாது. எதில் இந்த மாடு சிறந்ததோ அதை அளக்காத தராசில் ஏற்றி, எடை குறைவு என்கிறார்கள். எனக்கு இது பெரிய அநியாயமாகத்தான் படுகிறது.

இன்னொரு அடி 1996-ல் விழுந்தது. பைத்திய மாட்டு நோய்ப் பயத்தில் முப்பது மாதம் தாண்டிய மாடு உணவுக்கு வரக் கூடாது என்று பிரிட்டனில் விதி வந்தது. 2005 வரை இருந்தது. தானியம் தின்று வேகமாக வளரும் மாட்டுக்கு அது பெரிய தொல்லையில்லை. புல்லை மட்டும் தின்று நிதானமாக முற்றும் கேலோவேக்கு முப்பது மாதம் என்பது அப்போதுதான் கறி சேரும் வயது. பலர் அவசரமாகத் தீவனம் போட்டுத் தேற்றினார்கள், சிலர் இனத்தையே விட்டார்கள். அந்தக் காலத்துக்கு நடுவில், 2001-ல் கோமாரி நோய். ஸ்காட்லாந்தில் அதிகம் அடிபட்டது இந்த வட்டாரமும் கிழக்கே இருக்கும் எல்லைப் பகுதியும்தான். பெரியவர் அதைப் பற்றி மட்டும் பேசவில்லை. டீயைக் கலக்கிக்கொண்டே இருந்தார். நானும் கேட்கவில்லை.

கறியைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. இரண்டாவது நாள் ஊர்க் கறிக்கடை ஒன்றில் கேலோவே கிடைத்தது. நான்கு வாரம் குளிர் அறையில் தொங்கவிட்டது. விலாப் பகுதியை என் கண் முன்னே அறுத்தார். அடர்ந்த சிவப்பு, கிட்டத்தட்ட நாவல்பழத்தின் உட்புறம்போல. கொழுப்பு வெள்ளையாக இல்லை, வெண்ணெய் நிறத்தில் மஞ்சளடித்தது. பச்சைப் புல்லில் இருக்கும் கரோட்டின் கொழுப்பில் தங்குவதால் வரும் நிறம் அது. அறுத்த முகத்தில் நூல் நூலாகக் கொழுப்பு ஓடியிருந்தது. அதைச் சுற்றி வெளியே விரல் பருமன்கூட இல்லாத ஓரக் கொழுப்பு. முந்தைய நாள் ரோமத்துக்குள் விரல் விட்டுக் கேட்ட கதை பலகையில் கிடந்தது.

ஒரு துண்டு விலாவும், குழம்புக்குக் கால்கறியும் வாங்கினேன். விலாவை உப்பு மட்டும் போட்டுப் பெரியவரின் மனைவி வாணலியில் வாட்டினார். கால்கறியை நான் எடுத்துக்கொண்டேன். பையில் கொண்டுபோயிருந்த மிளகு, சீரகம், சின்ன வெங்காயத்துக்குப் பதில் அங்கே கிடைத்த ஷாலட், தேங்காய் இல்லை. மூன்று மணி நேரம் சிறு தீயில். கறி நாரைவிட்டுப் பிரிந்து, குழம்பு உதட்டில் ஒட்டியது. சாதாரணமாகக் கடைக் கறியில் மசாலாவைத் தாண்டிக் கறியின் ருசி வெளியே வராது. இதில் மிளகு ஒரு ஓரமாக நின்றது. பெரியவர் ரொட்டியால் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, மிளகு இவ்வளவு போடலாம் என்று தெரியாது என்றார்.

ஏலத்தில் அவர் ஒரு இளங்காளை எடுத்திருந்தார். போட்டியில் மூன்றாவதாக வந்த கருப்புக் காளை. நடை அதற்குத்தான் நன்றாக இருந்தது என்று எனக்கும் பட்டது. கிளம்புகிற அன்று காலை அதை வேலிக்குள் இறக்கிவிடப் போனோம். டிரெய்லர் கதவைத் திறந்ததும் நிதானமாக இறங்கி, இரண்டு அடி வைத்து, கோரைப்புல்லை முகர்ந்து, மேய ஆரம்பித்துவிட்டது. இதன் வாரிசைச் சாப்பிட எப்போது வரலாம் என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணினார். வரும் கோடையில் பசுக்களோடு சேரும். அதற்கடுத்த வசந்தத்தில் கன்று. அதிலிருந்து முப்பது மாதம்.

"நாலு வருஷம் கழித்து, இதே அக்டோபரில் வாருங்கள். மிளகு மட்டும் கொண்டு வந்தால் போதும்."