நசுங்காத எலுமிச்சம்பழம்

அப்பாவின் 1979 மாடல் பிரீமியர் பத்மினி காருக்குப் பொட்டு வைத்தாயிற்று, சாமந்தி மாலை போட்டாயிற்று, நாலு சக்கரத்துக்கும் முன்னால் நாலு எலுமிச்சம்பழமும் வைத்தாயிற்று. போன வருடம் ஆயுத பூஜை. அம்மா கற்பூரம் ஏற்றிய பூசணிக்காயோடு வாசலில் நின்றார். நான் வண்டியை ஓரடி முன்னால் எடுக்க வேண்டியதுதான் பாக்கி. சாவியைத் திருப்பினேன். 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது. அப்புறம் அதுவும் வரவில்லை.

கொஞ்சம் பின்கதை. முப்பது வருடத்துக்கும் மேலாக அப்பா ஞாயிறு காலை ஆறு மணிக்கு அந்த வண்டியை எடுத்துவிடுவார். சிங்காநல்லூரிலிருந்து மருதமலை அடிவாரம், ஒரு டீ, திரும்பி வீடு. வேலை எதுவும் இருக்காது. குர்லாவில் செய்த இந்த வண்டிகள்தான் மும்பையில் டாக்ஸியாக ஓடின. 2023 அக்டோபர் கடைசியில் அவற்றை நிறுத்திவிட்டார்கள் என்று டிவியில் சொன்னபோது, அப்பா ஒன்றும் பேசாமல் எழுந்துபோய் ரேடியேட்டரில் தண்ணீர் பார்த்துவிட்டு வந்தார். அடுத்த வருடம் முட்டி ஆபரேஷன். சாவி என் கைக்கு வந்தது.

நானும் சும்மா இருக்கவில்லை. மூவாயிரம் ரூபாய்க்கு கவர் வாங்கிப் போர்த்தினேன். வாராவாரம் கவரின் மேல் தூசி தட்டினேன். மாதம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து, அஞ்சு நிமிடம் ஓடவிட்டு அணைத்தேன். பெட்ரோல் மிச்சம் பிடித்தேன் என்ற பெருமை வேறு. மழை ஆரம்பித்ததும் அதையும் விட்டுவிட்டேன்.

பக்கத்து வீட்டுக்காரர் நல்ல மனிதர். தன் புது வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, அதன் பேட்டரியிலிருந்து கேபிள் கொடுத்தார். இப்போது செல்ஃப் சுற்றியது, ஆனால் இன்ஜின் பிடிக்கவில்லை. கார்புரேட்டர் கிண்ணத்தில் இருந்த பெட்ரோல் எப்போதோ ஆவியாகிப் போயிருந்தது. வாயைத் திறந்து நாலு சொட்டு பெட்ரோல் விட்டதும் உறுமியது பாருங்கள், கற்பூரப் புகையே தெரியாத அளவுக்கு ஒரு வெள்ளைப் புகை. தெருவில் யாரோ கை தட்டினார்கள்.

கியர் போட்டு கிளட்சை விட்டேன். வண்டியின் பின்புறம் லேசாக உட்கார்ந்தது. இன்ஜின் அணைந்தது. எலுமிச்சம்பழங்கள் அப்படியே மஞ்சளாக, முழுசாக. மறுபடி, மறுபடி. நாலு பேர் தள்ளினார்கள். பிறகு ஆறு பேர். அம்மா கையில் பூசணிக்காய் இறங்கிக்கொண்டே வந்தது.

மெக்கானிக் அண்ணன் வேட்டியோடு வந்தார், அவர் கடையிலும் பூஜை. பின் சக்கரத்தைக் கழற்றி, ட்ரம்மில் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டினார். 'டங்' என்று விட்டுக்கொண்டது. மழையில் நனைந்த வண்டியை அப்படியே நிறுத்திப் போர்த்தியதில், துருப்பிடித்து பிரேக் ஷூ ட்ரம்மோடு ஒட்டிக்கொண்டதாம்.

"மாசம் ஒருக்கா அஞ்சு நிமிசம் ஓடவிட்டனுங்ணா" என்றேன்.

"அதுதான் தப்பு தம்பி. செல்ஃப் அடிக்கறப்ப பேட்டரில எடுத்தத அஞ்சு நிமிசத்துல திருப்பித் தர முடியுமா? இன்ஜின் நல்லா சூடாகோணும், சைலென்சர்ல இருக்கற ஈரம் காயோணும். கண்ணாலப் பட்டக்கூட வருசத்துக்கு ஒருக்கா எடுத்து மடிப்பு மாத்தி வெக்கறாங்கல்ல? இது நின்ன எடத்துலயே நின்னு டயரே தட்டையாயிருச்சு. நிக்கற வண்டியப் பாக்கோணும்னா அவினாசி ரோட்டுல ஜி.டி. கார் மியூசியத்துக்குப் போய்க்கலாம்."

அப்பா திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமல் ஒன்றே ஒன்று சொன்னார்: "கவர் நல்லாருக்குடா."

ஆக, ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி இப்போது என்னுடையது. முதல் வாரம் தட்டையான டயர் 'தடக் தடக்' என்று வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தது. பெட்ரோல் ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றச் சொல்லிவிட்டார் அண்ணன். இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால், பழைய ரப்பருக்கு அது ஆகாது. அதுவும் டேங்கிலேயே கிடந்தால் ஈரத்தை இழுக்கும்.

வண்டி எப்படியும் சும்மாதான் போகிறது என்ற செய்தி தெருவில் பரவிவிட்டது. மூன்றாம் வாரம் எதிர்வீட்டு அக்கா ராகி மூட்டையை ஏற்றினார், வழியில் மாவு மில்லில் இறக்க. அடுத்த வாரம் ஒரு கிரைண்டர் கல். முன் சீட் ஒரே பெஞ்சு, கியர் ஸ்டியரிங்கோடு இருப்பதால் நடுவில் தடையில்லை, மூன்று பேர் தாராளமாக உட்காரலாம், உட்கார்ந்தார்கள். சிக்னலில் நின்றால் "விக்கறீங்களா?" என்று ஒருவராவது கேட்காமல் விடுவதில்லை. ஒரு கல்யாண மண்டபத்தில் வண்டியை எடுத்துவிட வந்த பையன் ரெண்டு நிமிடம் உள்ளே தேடிவிட்டு, "கியர் எங்கங்ணா?" என்று சாவியைத் திருப்பிக் கொடுத்தான்.

வண்டிக்கு 50 வயது தாண்டியதும் விண்டேஜ் என்று பதிவு செய்துகொள்ளலாம் என்று அப்பாவிடம் சொன்னேன். 2021 விதிப்படி அந்த நம்பர் போட்ட வண்டியை வழக்கமாக ஓட்டக் கூடாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, ரிப்பேர் பார்க்க என்றுதான் எடுக்கலாம். அப்பா யோசித்தார். "அப்பறம் மாவு மில்லுக்கு யார் போவா?"

இந்த வருட ஆயுத பூஜைக்கு முதல் சாவியிலேயே பிடித்துக்கொண்டது. மூன்று பழம் சப்பென்று நசுங்கின. நாலாவது மட்டும் டயருக்குத் தப்பித் தெறித்து, உருண்டு, பக்கத்து வீட்டுக்காரரின் புது வண்டிக்கு அடியில் போய் நின்றது. அவருக்கு இப்போது வீட்டிலிருந்தே வேலை. வண்டி ரெண்டு மாதமாகப் போர்த்திக் கிடக்கிறது.

பழத்தைத் தேடிக் குனிந்த அப்பா, நிமிர்ந்து அவரிடம் சொன்னார்: "கவர் நல்லாருக்குங்க."