மின்சாரக் காரின் ‘டக் டக்’ ஒலி

திருகோணமலை உப்புவெளியில் கடற்கரைக்கு அண்மையில் உள்ள எங்கள் வீட்டில் இரண்டு கிழமை ஓடாமல் நின்ற மின்சாரக் காரை இயக்க முயன்றபோது, ‘டக், டக், டக்’ என்ற ஒலி தொடர்ந்து கேட்டதே தவிர, வண்டி ஓடத் தயாராகவில்லை. பெரிய பற்றரியில் பாதிக்கு மேல் சார்ஜ் இருந்ததால் எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை.

இயக்கும்போது ஓரிரு முறை ‘டக்’ என்று கேட்பது இயல்பே. பெரிய பற்றரியை மோட்டாரின் சுற்றோடு இணைக்கும் ரிலேக்கள் (மின்னால் இயங்கும் ஆளிகள்) மூடும் ஒலி அது. ஆனால் அந்த ரிலேக்களையும் கட்டுப்பாட்டுக் கணினிகளையும் இயக்குவது 12 வோல்ட் சிறிய பற்றரி என்பதால், அது வலுவிழந்தால் ரிலேக்கள் மூடிய நிலையில் நிற்க முடியாமல் மீண்டும் மீண்டும் திறந்து மூடும்.

மின்னழுத்தத்தை அளக்கும் மல்ரிமீற்றரில் அந்தச் சிறிய பற்றரி 11.6 வோல்ட் காட்டியது. நன்கு சார்ஜ் ஏறிய ஈய அமிலப் பற்றரி ஏறத்தாழ 12.6 காட்ட வேண்டும். எங்கள் சிறிய பற்றரியின் முனைகளில் பச்சை கலந்த வெண்படிவமும் பிடித்திருந்தது. திருகோணமலையின் உப்புக் காற்றில் நிற்கும் வண்டிகளுக்கு இதை அடிக்கடி பார்ப்பது அவசியம் என்று உறுதியாகச் சொல்வேன்.

வண்டியை முழுமையாக நிறுத்தி, முதலில் எதிர்முனையையும் பின்னர் நேர்முனையையும் கழற்றி, அப்பச்சோடா கரைத்த நீரால் துடைத்து உலர்த்தி, சிறிய பற்றரியைத் தனியாகச் சார்ஜ் செய்தேன். செம்மஞ்சள் நிற உயர் மின்னழுத்தக் கம்பிகளை மட்டும் நான் தொடவே இல்லை. அவை உயிராபத்தானவை, பயிற்சி பெற்றவர்களுக்கு உரியவை.

மறுநாள் இரண்டே ‘டக்’ ஒலிகளுடன் வண்டி தயாரானது. சிறிய பற்றரியின் முனைகளில் 14 வோல்ட் வந்ததால், பெரிய பற்றரியிலிருந்து அதற்குச் சார்ஜ் ஏற்றும் மாற்றியும் பழுதில்லை என்று தெரிந்தது.