பைப் மேலே நிற்காதீங்க

மும்பை தாராவி 90 அடி ரோட்டுப் பக்கம் இன்று மதியம் ஒரு குடோனில் புகை. தீயணைப்பு வண்டி சந்துக்குள் நுழைய முடியாமல் முனையிலேயே நிற்க, வீரர்கள் ஹோஸ் பைப்பைத் தோளில் போட்டு இழுத்துக்கொண்டு ஓடினார்கள்.

அந்தப் பைப் மேலேயே ஏறி நின்று ஒருவர் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்.

தீ சீக்கிரம் அடங்கிவிட்டது. வெளியே வந்த ஒரு வீரர் ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு கடைப் படியில் உட்கார்ந்து இருமினார், இருமினார், நிற்கவேயில்லை. அவர் முகத்துக்கு ஒரு முழத் தூரத்தில் நாலைந்து போன்கள். டீக்கடை அண்ணாச்சிதான் சத்தம் போட்டார்: "எலேய், மொதல்ல அவருக்குத் தண்ணி குடுங்கலே!"

படமே எடுக்கக் கூடாது என்று சொல்ல மாட்டேன். பழைய தீயணைப்பு வண்டி என்றால் எனக்குப் பைத்தியம். குதிரை இழுத்த நீராவி பம்பு எப்படி இருந்தது என்று நமக்குத் தெரிவதே யாரோ படம் எடுத்து வைத்ததால்தானே.

1944 ஏப்ரல் 14. இதே ஊர் துறைமுகத்தில், விக்டோரியா டாக்கில், ஃபோர்ட் ஸ்டிக்கின் என்ற கப்பல் வெடித்தது. பருத்தியும் வெடிமருந்தும் ஒரே கப்பலில்! அணைக்கப் போன 66 வீரர்கள் திரும்பவில்லை. ஏப்ரல் 14 நாடு முழுக்கத் தீயணைப்பு சேவை தினமானது அதனால்தான்.

2015இல் இங்கேயே காளபாதேவி தீயில் நான்கு தீயணைப்பு அதிகாரிகள் உயிரிழந்தார்கள். அப்படி ஒரு நாளில், வீட்டுக்குத் தகவல் போகும் முன்பே முகம் வாட்ஸ்அப்பில் வந்து நின்றால்?

வண்டியை எடுங்கள், ஏணியை எடுங்கள், தள்ளி நின்று எவ்வளவு வேண்டுமானாலும் எடுங்கள். முகம்தான் வேண்டும் என்றால் அவரிடமே ஒரு வார்த்தை கேளுங்கள், அதுவும் அவர் மூச்சு வாங்கி முடித்த பிறகு.