டில்ட் டெஸ்ட் பதிவிலிருந்து ஒருவருடைய இதய மாடலைக் கட்டுவது

படுத்திருந்தவரை டில்ட் டேபிளில், அதாவது சாய்க்கக்கூடிய மேசையில், 70 டிகிரிக்கு நிமிர்த்தியதும் நாடித்துடிப்பு 75-லிருந்து 125-க்குப் போகிறது, பிபி பெரிதாக இறங்கவில்லை. 10 நிமிடத்துக்குள் 30 துடிப்புக்கு மேல் ஏறினால் பாட்ஸ் (POTS, நிமிர்ந்தால் நாடி மிகையாக ஏறும் கோளாறு) என்பார்கள். ஏன் ஏறியது என்பது அந்தப் பெயரில் இல்லை. காலில் ரத்தம் அதிகமாகத் தேங்குகிறதா, ரத்தக்குழாயைச் சுருக்கும் நரம்புகள் வேலை செய்யவில்லையா, அல்லது பிபியைச் சமன்செய்யும் பேரோரிஃப்ளெக்ஸே மிகையாகத் துடிக்க வைக்கிறதா? மூன்றுக்கும் வைத்தியம் வேறு. அந்த ஒருவருக்கென்று அவருடைய ரத்த ஓட்டத்தைச் சமன்பாடுகளாக எழுதி கணினி மாடல் கட்டுவது இதைப் பிரித்துப் பார்க்கத்தான்.

தேவையானவை ஈசிஜியும், விரலில் மாட்டும் தொடர் பிபி கருவியின் பதிவும். முதல் சிக்கல் விரலிலேயே இருக்கிறது. கை இதய மட்டத்திலிருந்து 1 செ.மீ. தாழ்ந்தால் ரீடிங் சுமார் 0.78 மி.மீ. பாதரசம் கூடும். நிமிர்த்தும்போது கை 20 செ.மீ. தொங்கிவிட்டால் கிட்டத்தட்ட 16 மி.மீ. பொய்யாக ஏறும், பிபி இறங்கியவர்கூட இறங்காதவர்போல் தெரிவார். ஸ்லிங்கில் கையை நெஞ்சு மட்டத்தில் கட்டிவையுங்கள். கருவி தன்னைத்தானே சரிபார்க்க நடுநடுவே நிற்கும். அந்தத் தட்டையான துண்டுகளை வெட்டி எறியுங்கள். இடையில் விழும் எக்டோபிக் துடிப்பையும் (முறை தவறி முந்தி வரும் துடிப்பு) நீக்க வேண்டும். அதன் பின் வரும் நீண்ட இடைவெளியை மாடல், இதயத்தை மெதுவாக்கும் வேகஸ் நரம்பின் வேலை என்று எடுத்துக்கொள்ளும். சிக்னலை வழுவழுப்பாக்க 10 விநாடி சராசரி எடுக்காதீர்கள். வேகஸ் ஒரு விநாடிக்குள் தொடங்கிவிடும், துடிப்பை வேகப்படுத்தும் சிம்பதெடிக் நரம்புகள் தொடங்கவே சில விநாடி ஆகும். இந்த வித்தியாசம்தான் நம் கையில் இருக்கும் பெரிய துப்பு.

மாடலின் உடல் எளிது: இடது வென்ட்ரிக்கிள், மேல் தமனி, மேல் சிரை, கீழ்த் தமனி, கீழ்ச் சிரை. மேலுக்கும் கீழுக்கும் நடுவே சாய்வின் சைன் மதிப்போடு பெருக்கிய ஈர்ப்பு அழுத்தம். கழுத்தில் பிபியை உணரும் கரோடிட் சைனஸ் இதயத்துக்கு மேலே இருப்பதால் அங்கே அழுத்தத்தைக் குறைத்துக் கொடுக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் ரிஃப்ளெக்ஸ் கிளம்பவே காரணம் இல்லாமல் போகும், மாடலைப் பதிவோடு பொருத்தும் ஆப்டிமைசர் கெய்னை (ரிஃப்ளெக்ஸின் வீரியத்தை) அபத்தமாக உயர்த்தித் தப்பிக்கும்.

தொடக்க மதிப்புகளை அந்த ஆளிடமிருந்தே எடுங்கள். உயரம், எடை, பாலினத்திலிருந்து ரத்த அளவு. சராசரி பிபி 93, சிரை அழுத்தம் 3, இதய வெளியீடு நிமிடத்துக்கு 5 லிட்டர், அதாவது விநாடிக்கு 83 மி.லி. என்றால் மொத்த எதிர்ப்பு, அழுத்த வித்தியாசமான 90-ஐ 83-ஆல் வகுத்தது, 1.08. நரம்புப் பகுதிக்கு ஆய்வாளர் உர்சினோவின் 1998 மாடல் நல்ல தொடக்கம்: இதயத் துடிப்புக்கு வேகஸ் தாமதம் 0.2 விநாடி, சிம்பதெடிக் 2 விநாடி. சிரைக் கொள்ளளவு மாற 5 விநாடி தாமதமும் 20 விநாடி காலமாறிலியும் (மாற்றம் எவ்வளவு மெதுவாக நடக்கும் என்பதைக் குறிக்கும் எண்). சாய்க்கும் முன் மாடலைப் படுக்க வைத்தே ஓடவிட்டு எல்லாம் நிலைத்ததா பாருங்கள். மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தால் அந்த நகர்வையும் டில்ட்டின் விளைவாகப் பொருத்திவிடும்.

இனித்தான் நாங்கள் அதிக நேரம் செலவிடும் இடம்: எந்த பாராமீட்டர்களை (மாடலின் எண்களை) ஆப்டிமைசர் மாற்றத் திறந்து விடுவது. எல்லாவற்றையும் திறந்தால் கோடு அழகாகப் பொருந்தும், எண்களுக்கு அர்த்தம் இருக்காது. கெய்னும் சிம்பதெடிக் உச்சவரம்பும் ஒன்றை ஒன்று ஈடுகட்டும். கீழ்ச் சிரையின் நெகிழ்வும் எதிர்ப்பு ஏறாததும் நிமிர்ந்த பிறகு வரும் நிலையான மதிப்பில் கிட்டத்தட்ட ஒரே மாதிரித் தெரியும். அவற்றைப் பிரிப்பது நேரம்: எதிர்ப்பு முதல் அரை நிமிடத்தில் தன் வேலையைக் காட்டும், தேங்குவது அதற்குப் பிறகும் நீளும். ஆகவே முதல் நிமிடத்துக்கு அதிக எடை கொடுங்கள். எந்த எண் மாறினால் விடை எவ்வளவு மாறும் என்று காட்டும் சென்சிடிவிட்டி மேட்ரிக்ஸ் போட்டு ஒட்டிக்கொண்டு நகரும் ஜோடியில் ஒன்றை நிறுத்திவிட்டு, ஐந்தாறை மட்டும் பொருத்துங்கள். பத்துப் பன்னிரண்டு வெவ்வேறு தொடக்கங்களிலிருந்து ஓட்டி, பிழை ஒன்றாகவும் மதிப்புகள் வேறாகவும் வந்தால் அந்த மதிப்பை மருத்துவரிடம் சொல்லக் கூடாது.

ஒரு கைக்கணக்கு பெரிதும் உதவும். நரம்பே இல்லாவிட்டால் இதயம் துடிக்கும் வேகம் 118.1 கழித்தல் 0.57 பெருக்கல் வயது. நம்மவருக்கு 25 வயது என்றால் 104. நம்மவர் 125-க்குப் போகிறார். வேகஸ் முழுக்க விலகினாலும் 104-தான், மீதி 21 சிம்பதெடிக். மாடல் வேகஸ் மட்டும் போதும் என்றால் உச்ச வேகத்தைத் தவறாக வைத்திருக்கிறீர்கள். அவர் பீட்டா பிளாக்கர் (துடிப்பைக் குறைக்கும் மருந்து) எடுப்பவர் என்றால் இந்தக் கணக்கைப் போடுவதற்கு முன் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சில பதிவுகளில் நிமிர்ந்த பின் பிபியும் நாடியும் 10 விநாடிக்கு ஒருமுறை அலைபாயும். சராசரியை மட்டும் பொருத்தினால் அந்த அலை காணாமல் போகும். நீண்ட சிம்பதெடிக் தாமதமும் உயர்ந்த கெய்னும் சேரும்போது வருவது அது. பிழைக் கணக்கில் 0.1 ஹெர்ட்ஸ் சக்தியையும், அதாவது அந்த 10 விநாடி அலையின் அளவையும், சேர்த்தால்தான் கெய்ன் பிடிபடும்.

மேசையை மறுபடி கிடத்தும் பகுதியைப் பொருத்தத்தில் சேர்க்காமல் ஒதுக்கி வையுங்கள். முடிந்த பிறகு மாடலை அதே கோணத்திலிருந்து இறக்கிப் பாருங்கள். பிபி நிஜத்தைவிட அதிகம் துள்ளினால், காலில் தேங்கியதாக மாடல் சொன்ன ரத்தம் கூடுதல். கீழ்ச் சிரையிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.